சர்வர் சரியில்லை என்று நான் சொன்ன திங்கட்கிழமை

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது என் கடை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கைரேகை வைக்கிற சின்ன மெஷின் ஒன்று, காத்திருப்பவர்களுக்கு இரண்டு பெஞ்சு. சாதிச் சான்றிதழ், பட்டா, பென்ஷன், கல்லூரி விண்ணப்பம் என்று எதைக் கேட்டாலும் ஆன்லைனில் போட்டுக் கொடுப்பேன். பொம்பளை நடத்துகிற கடை என்பதால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் தங்கள் மகள்களைத் துணையில்லாமலே அனுப்பி வைப்பார்கள். “அந்தக்கா கடைக்குப் போ, எல்லாத்தையும் அது பாத்துக்கிரும்” என்று சொல்லி பஸ் ஏற்றி விடுவார்களாம். அதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது.

எல்லாவற்றையும் நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இமெயில் இருக்காது. நான்தான் திறந்து கொடுப்பேன். பாஸ்வேர்டும் நானே போடுவேன். ஆரம்பத்தில் அதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வந்தேன். பிறகு பிரவுசரே, பாஸ்வேர்டை நான் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க ஆரம்பித்தது. சரி, வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளும் அதைக் கேட்டு வாங்கிப் போவதில்லை. எதற்கு, அக்கா கடைக்குப் போனால் தானாகத் திறக்கிறது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். இது சரியா என்று அப்போது யாராவது என்னிடம் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பிரவுசரை நான் மூடவே மாட்டேன். விண்ணப்பம் போடுகிற மாதங்களில் ஒருத்தருக்குப் போட்டோ வரவேண்டியிருக்கும், இன்னொருத்தருக்கு வருமானச் சான்றிதழ் வரவேண்டியிருக்கும். பாதியில் நிற்கிற ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனி டேப்பில் இரண்டு நாள், மூன்று நாள் அப்படியே திறந்து கிடக்கும். மேல் மூலையில் அப்டேட் செய்யச் சொல்லி ஓர் அடையாளம் தோன்றும். நாளாக ஆக அது சிவப்பாகும். அதை அமுக்கினால் பிரவுசர் ஒரு தடவை மூடித் திறக்கும். அப்படி மூடித் திறந்தால் பாதி விண்ணப்பங்கள் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும். ஒரு தடவை அமுக்கியதில் கைரேகை மெஷினும் சேர்ந்து படுத்துக்கொண்டது. பென்ஷனுக்கு வந்த பெரியவர்கள் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றோடு, அந்தச் சிவப்பு எனக்குக் கண்ணில் படாது என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது ஒரு மெஷின் என்னைக் காக்க வைத்தால் கெட்ட கோபம் வரும்.

இப்படி இருந்தபோதுதான், போன வருடம் கல்லூரிக் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு வியாழக்கிழமை, எங்கள் கம்ப்யூட்டர்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறவர் போன் செய்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர். சாதாரணமாக அவர் தானாகப் போன் செய்கிறவர் இல்லை.

“ஏனுங்க, நீங்க வச்சிருக்கற பிரவுசர்ல ஓட்டை ஒண்ணு கண்டுபுடிச்சிருக்காங்க. இன்னைக்கே அப்டேட் போட்டுருங்க.”

“நான் கண்டதையும் டவுன்லோடு பண்றதில்லையேங்க” என்றேன்.

“இதுக்கு டவுன்லோடே வேண்டாமுங்க. மோசமான பக்கம் ஒண்ணச் சும்மா தொறந்தாலே போதும். மெமரியக் கொழப்பிவிட்டு உள்ள வந்துருவானுங்க.”

மெமரியைக் குழப்புவது என்றால் என்ன என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் ஒரு வீட்டார் விசேஷம் முடிந்து அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். அறை இன்னொருத்தர் கைக்குப் போய்விட்டது. ஆனால் முதல் வீட்டு ஆள் ஒருத்தர், காலி செய்ததை மறந்து, பழைய நினைப்பில் திரும்ப உள்ளே வருகிறார். மேசையில் ஒரு சீட்டு இருக்கிறது. நம் வீட்டார் எழுதி வைத்ததுதான் என்று நம்பி அதில் உள்ளபடியெல்லாம் செய்கிறார். எழுதி வைத்தவனோ திருடன். பிரவுசரும் அப்படித்தான் மெமரியில் ஓர் இடத்தைக் காலி செய்ததை மறந்துவிட்டு மறுபடி அங்கே போய், எவனோ வைத்ததைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு அவன் சொல்வதுதான் சட்டம்.

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. “ஞாயித்துக்கிழம கூட்டம் இருக்காதுங்க, அன்னைக்குப் போட்டுர்றேன்” என்றேன். அவர் சரிங்க என்று வைத்துவிட்டார். ஞாயிறு காலையில் மாதா கோயில் பூசைக்குப் போனேன். கோயிலில் இருந்து அப்படியே தங்கச்சி வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள்தான். கடைப்பக்கமே போகவில்லை.

ஆனால் அதற்கு முந்தின நாளே காரியம் நடந்து முடிந்திருந்தது. சனிக்கிழமை ஒருத்தர் காதுகுத்து பிளக்ஸுக்குப் பூ பார்டர் வேண்டும் என்றார். இலவசமாகக் கிடைக்கிற பக்கங்கள் நாலைந்தை அவசர அவசரமாகத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு பக்கம் வெள்ளையாகவே நின்றது. பிரவுசர் ஒரு நொடி மறைந்து திரும்ப வந்தது. நானும் வேறு பக்கத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். உறுதியாக இன்றைக்கும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கடையைத் திறந்து விளக்குப் போட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு பிள்ளையின் இமெயிலைத் திறந்தால் பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருக்கிறது என்றது. அடுத்த பிள்ளையின் மெயிலும் அப்படியே. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒட்டன்சத்திரத்துக்காரருக்குப் போன் செய்தேன். “நெட் வயர மட்டும் புடுங்கிட்டு, வேற எதையும் தொடாதீங்க. சாயந்தரம் வந்து பாக்கறனுங்க” என்றார்.

சாயந்தரம் வரை நான் எப்படி இருப்பேன். போலீஸ் வருமா, கடையைப் பூட்டுவார்களா, ஊர்க்காரர்கள் மாடிப்படியில் வந்து நிற்பார்களா என்று என்னென்னவோ தோன்றியது. முன்னொரு நாள் அவர் ஒரு பென்டிரைவ் கொடுத்து, கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டால் இதைப் போட்டுப் புதுசாக ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அதை எடுத்துச் சொருகினேன். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்டது. அழி என்று அமுக்கினேன். கழுவிவிட்டால் எதுவும் நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். எத்தனை வயதானாலும் பயத்தில் செய்கிற காரியம் சின்னப்பிள்ளைக் காரியமாகத்தான் இருக்கிறது.

பதினோரு மணிக்கு அந்தப் பிள்ளை வந்தது.

அவளுக்குச் சாணார்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா, அம்மா இருவரும் செவ்வந்தி, மல்லி போட்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர்கள். பிள்ளை நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். ஆசை என்பதைவிடப் பிடிவாதம் என்று சொல்லலாம். “எங்க தெருவுல யாரு பிரஷர் மாத்திரய எப்பப் போடணும்னு இதுக்குத்தான் தாயி தெரியும். மறந்துட்டா வீட்டுக்கே போய்த் திட்டும்” என்று அவள் அப்பா ஒரு தடவை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். விண்ணப்பத்திலிருந்து கல்லூரி வரிசை போட்டது வரை எல்லாம் என் கையால் நடந்தது. வெள்ளிக்கிழமைதான் நல்ல செய்தி வந்திருந்தது. அரசு நர்சிங் கல்லூரியில் இடம். எடுத்துக்கொள்கிறேன் என்று உள்ளே போய் ஒப்புதல் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்குள். கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்திருந்தாள். நான் புதுசாக ஏற்றிய கம்ப்யூட்டரில் நெட் வயரைத் திரும்பச் சொருகி, கலந்தாய்வுப் பக்கத்தைத் திறந்தேன். பெயரும் பாஸ்வேர்டும் தானாக வந்து நிற்க வேண்டிய இரண்டு கட்டங்களும் காலியாக இருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருடன் எடுத்துக்கொண்டது மெயிலை மட்டும்தான். கலந்தாய்வுப் பாஸ்வேர்டு தனி. அது ஒழுங்காக என் பிரவுசருக்குள் இருந்திருக்கிறது. அதை அழித்தது நான். இருந்திருந்தால் வேறு கம்ப்யூட்டரில் அதைப் போட்டு அந்த நிமிடமே ஒப்புதல் கொடுத்திருக்கலாம். இனிமேல் புதுப் பாஸ்வேர்டு வாங்க வேண்டுமென்றால் அது மெயிலுக்குத்தான் வரும். காலையில் திறக்காமல் போன ஐந்து மெயிலில் இவளுடையதும் ஒன்று. அது எவன் கையிலோ இருக்கிறது.

வேறு வழி இல்லாமல் இல்லை. நகரத்துக்கு ஓரத்தில் ஒரு கல்லூரியில் கலந்தாய்வு உதவி மையம் வைத்திருந்தார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களோடு நேரில் போனால் ஆளைப் பார்த்துப் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பார்கள். எனக்கு அது தெரியும். இன்னொரு பிள்ளையை அதற்கு முந்தின வருடம் நானே அங்கே அனுப்பியிருக்கிறேன். ஆனால் இவளை அனுப்ப வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். உன் மெயில் என் கடையில் திருடு போய்விட்டது, பாஸ்வேர்டை நானே அழித்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே இருக்கிறவர்கள் எந்தக் கடை என்று கேட்பார்கள். பெஞ்சில் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“சர்வர் சரியில்ல பாப்பா” என்றேன்.

இந்தத் தொழிலில் அதைவிட வசதியான வார்த்தை கிடையாது. சர்வர் சரியில்லை என்றால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அது எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. மழை வந்தால் சொல்வதுபோல எல்லோரும் அதை ஏற்றுக்கொள்வார்கள். உண்மையிலேயே சர்வர் படுத்த நாட்கள் எத்தனையோ உண்டு. அதனால் என் வாயிலிருந்து அது தடங்கலில்லாமல் வந்தது.

“செத்த நேரம் இருந்து பாக்கட்டாக்கா?” என்றாள்.

“இன்னைக்கு வராது. நாளைக்குக் காலையில வா. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் நேரம் இருக்குல்ல.”

“சரிக்கா, வாரேன்” என்று ஃபைலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் போனதும் மெயிலைத் திரும்பப் பெறுவதற்கான படிவத்தை நிரப்பி அனுப்பினேன். பதில் வரும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். பதில் வந்துவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாமல் முடிந்துவிடும். அந்த நாள் முழுக்க நான் வேண்டிக்கொண்டது அந்தப் பிள்ளைக்காகவா எனக்காகவா என்று இப்போது கேட்டால், எனக்காகத்தான்.

சாயந்தரம் ஒட்டன்சத்திரத்துக்காரர் வந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். “தொடாதீங்கன்னு சொன்னனுங்களே. இருந்திருந்தா பாஸ்வேர்டையெல்லாம் எடுத்திருப்பனுங்க” என்றார். அவர் எல்லாவற்றையும் அப்டேட் செய்து கொடுத்தார். பிரவுசரை மூடித் திறக்க நான் அத்தனை அலுத்துக்கொண்ட வேலை, மூன்று கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவள் வந்துவிட்டாள். கையில் ஃபைல் இல்லை. பட்டனை அமுக்குகிற வேலைதானே என்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். மெயிலுக்குப் பதில் வரவில்லை. நான் மறுபடியும் சர்வர் என்றேன். அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நடுவில் கீழே போய் எனக்கும் சேர்த்து இரண்டு வடை வாங்கி வந்தாள். நான் அதைத் தின்றேன். தின்றேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணிக்கு மேல் என்னால் முடியவில்லை. “பாப்பா, இது சரிப்பட்டு வராது போல. உதவி மையத்துக்கு நேர்ல போயிரு. சர்வர் வேல செய்யல, பாஸ்வேர்டு மறந்துருச்சுன்னு சொல்லு” என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை; ஃபைலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லவும் அந்தப் பதற்றத்தில் எனக்குத் தோன்றவில்லை. அவள் ஆட்டோ பிடித்து ஓடினாள். அங்கே ஒரிஜினல் கேட்டார்கள். அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் தோட்டத்தில் இருந்திருக்கிறார். வீட்டுக்குப் போய், ஃபைலைத் தேடி எடுத்து, வண்டியில் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து இருபது. ஐந்தோடு அதுவாகவே மூடிக்கொள்ளும், நாங்கள் நினைத்தாலும் திறக்க முடியாது என்று மையத்தில் இருந்த அலுவலர் அம்மா சொன்னாராம். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்ததாம்.

அடுத்த சுற்றில் அவளுக்கு இடம் வரவில்லை. தனியாரில் சேர்க்க அவர்களால் முடியாது. டவுனில் ஒரு கல்லூரியில் பி.காம் சேர்ந்தாள். அவள் அப்பா அந்த வாரமே கடைக்கு வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். கையில் தாமரை இலையில் கட்டிய செவ்வந்தி. “நீ என்ன தாயி பண்ணுவ, மெசினு செஞ்ச வேல. ரெண்டு நாளா எம்புள்ளைக்காக அம்புட்டுப் பாடுபட்டியாமே. சாமிக்குப் போடு” என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியாவது இருப்பேன். எனக்கு வாய் அதிகம் என்று என் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பூவை மாதா படத்துக்குப் போடவும் மனமில்லை, குப்பையில் போடவும் மனமில்லை. மேசையிலேயே கிடந்து காய்ந்தது.

கோயிலில் சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். அதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. தெரியாமல் கம்ப்யூட்டரில் சிலதை அழித்துவிட்டேன், அதனால் ஒரு பிள்ளைக்கு நஷ்டம் என்று சொன்னேன். சாமியார் இளைஞர், இரக்கமுள்ளவர். தெரியாமல் செய்ததற்கு மனதை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி மூன்று செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் குறையவில்லை. கடவுளிடமே பாதியை மறைத்துவிட்டு எழுந்தவளுக்கு என்ன குறையும்.

அதற்குப் பிறகு கடையில் எல்லாம் மாறிவிட்டது. அப்டேட் தானாக ஆகிவிடும். பாஸ்வேர்டைப் பிள்ளைகளே போட்டு அவர்களே எழுதி எடுத்துப் போகிறார்கள். மெயில் திருடு போன மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஒருத்தர் கத்தினார், ஒருத்தர் சிரித்தார், இருவர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். நான் பயந்தது அவ்வளவுதான். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்ல நினைத்து இரண்டு தடவை அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, பூ விலையை விசாரித்துவிட்டு வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு நாள் அவளே வந்தாள். உதவித்தொகை விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். கடையில் வேறு யாரும் இல்லை. கொஞ்சம் மெலிந்திருந்தாள். காலேஜ் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “இருக்குக்கா, கணக்குதான் வர மாட்டேங்குது” என்று சிரித்தாள். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இன்றைக்கு விட்டால் இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை வந்த போனிலிருந்து ஆரம்பித்தேன். பிரவுசரில் இருந்த ஓட்டை, நான் தள்ளிப்போட்டது, திறந்த பக்கம், போன மெயில், அழித்த பாஸ்வேர்டு. அந்த இரண்டு நாளும் சர்வர் படுக்கவே இல்லை என்பதையும் சொன்னேன். ஓட்டையைப் பற்றிச் சொன்னபோது, அது யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டாள். அழித்ததைச் சொன்னபோதும், “பயந்திருப்பீங்கக்கா” என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை மாதம் என்று எனக்கு ஒரு நிமிடம் மூச்சு லேசானது.

பிறகு அவள் கேட்டாள். “மெயிலு போனது ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?”

“திங்கக்கிழம.”

“எத்தன மணிக்கு?”

“கடையத் தொறந்ததும். ஒம்பதரைக்கு.”

அவள் திரும்பி அந்தப் பெஞ்சைப் பார்த்தாள்.

“நான் பதினோரு மணிக்குத்தானக்கா வந்தேன். ஃபைலு எங்கிட்டதான இருந்துச்சு” என்றாள்.

ஆமாம் என்றேன்.